மியூனிக்கிலிருந்து ஒரு கணினி நிருபம்

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்களுக்கு மருமான் எழுதுவது.

கல்லூரியில் சேரவிருக்கும் தங்கள் பேத்திக்கு எந்த மடிக்கணினி உசிதம் என்று, நான் ஏதோ அந்தச் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவன் என்ற அபிப்பிராயத்தில் கேட்டிருந்தீர்கள். மாமா, கணினி வாங்குவது சுலபம். வாங்கியதற்கு விரல்களை இணங்க வைப்பதுதான் பகீரதப் பிரயத்தனம். இத்தேசத்து விசைப்பலகையில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட்டும், இசட்டின் ஸ்தானத்தில் ஒய்யும் வீற்றிருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியின் நடுவிலுள்ள சுழிக்குறி வேண்டுமானால், விண்டோஸில் வலப்பக்கத்து ஆல்ட் விசையோடு க்யூவைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதே பழக்கத்தில் ஆப்பிளின் மேக் கணினியில் கட்டைவிரல் போய் விழும் இடத்தில் கமாண்ட் விசை இருப்பதால், சுழிக்குறி வருவதற்குப் பதிலாக, திறந்திருந்த மென்பொருளே மூடிக்கொண்டு போய்விடும். கட்சி மாறிய ஜெர்மானியர் பலருக்கு மேக் செய்யும் முதல் உபசாரம் இதுதான்.

ஆனாலும் இரு கட்சியாரின் வைராக்கியத்தைப் பார்த்தால், காஞ்சிபுரத்து வடகலை தென்கலை வழக்கு சமுத்திரம் தாண்டி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. மூன்றாவதாக லினக்ஸ் என்றொரு மார்க்கம் உண்டு, 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது, தட்சிணை கிடையாது. இந்த மியூனிக் நகரசபையே 2003இல் விண்டோஸைத் துறந்து லினக்ஸைத் தழுவுவதென்று முடிவெடுத்தது. மைக்ரோசாஃப்ட்டின் தலைமை நிர்வாகியாயிருந்த ஸ்டீவ் பால்மர் தம் விடுமுறையை இடைநிறுத்தி நேரில் வந்து மேயரிடம் பேசியும் சபை அசையவில்லை. சுமார் 15,000 கணினிகளைச் சிறுகச் சிறுக மாற்றி முடித்தார்கள். பிறகு 2017இல் அதே சபை, மறுபடியும் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் நிறைவேற்றியது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள். ஒரு மகாநகரமே இப்படித் தத்தளிக்கும்போது, மாம்பலத்தில் ஒரு குடும்பம் தீர்மானிக்க இரண்டு வாரம் யோசிப்பதில் குற்றமில்லை.

தங்கள் பழைய கணினியிலுள்ள விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான பராமரிப்பு நின்றுவிட்டது. அடுத்ததாகிய 11, குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத யந்திரத்தை ஏறெடுத்தும் பாராது. அதற்காக அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம்; லினக்ஸை ஏற்றினால், தாங்கள் பத்திரிகை படிக்கவும் பேரனோடு முகம் பார்த்துப் பேசவும் இன்னும் சில வருஷங்கள் உழைக்கும்.

பேத்திக்கு மட்டும், கடைக்காரரைக் கேட்குமுன் கல்லூரியைக் கேளுங்கள். இயந்திரப் பொறியியல் என்றால் சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைபட மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அங்கே மேக்கின் அழகு பிரயோஜனப்படாது. இலக்கியமோ சட்டமோ என்றால் எதுவும் தகும், பணப்பைதான் நீதிபதி. தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழக அரசு 1999இல் அங்கீகரித்த தமிழ்99 விசைமுறை மூன்று மார்க்கத்திலும் உண்டு. இந்தக் கடிதமும் அதில் எழுதியதே.

பணம் கட்டுமுன் குழந்தையைக் கடையிலேயே உட்காரவைத்து ஒரு பக்கம் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பிறகு மாடலின் பெயரையும் விலையையும் எனக்கு எழுதியனுப்புங்கள். மாமிக்கு என் நமஸ்காரம்.