சைட்டை மாத்தணுமாக்கும்!

மாப்ளே, டெக்சாஸ்ல பழைய பெல்ஜியம் ப்ரௌனிங் ஹை-பவர் பிஸ்டல் ஒண்ணு வாங்கியிருக்கியாம், வாங்கின மறுவாரமே அதோட குறிபாக்கிற சைட்டை மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாம். உங்க அத்தைதான் சொன்னா. தாலி கட்டின கையோட பொண்ணு மூக்கை மாத்தணும்னு டாக்டரைத் தேடுனவன் கதையால்ல இருக்கு!

எனக்கு அந்தச் சாமானோட பழக்கம் உண்டுப்பா. பட்டாளத்துல ஆபீசர் இடுப்புல தொங்கும். துடைச்சு எண்ணெய் போட்டுப் பூட்டி வைக்கிறது நம்ம வேலை. வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில செஞ்சது. பேரு 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ'. ரெண்டாம் உலக யுத்த காலத்துல டொரண்டோ இங்கிலிஸ் கம்பெனி செஞ்ச ஹை-பவரைப் பார்த்து வடிச்சது. அந்தக் கம்பெனி பின்னால துணி துவைக்கிற மெஷின் செய்யப் போயிருச்சு. பொழைக்கத் தெரிஞ்சவங்க.

ஹை-பவரை வடிவமைக்க ஆரம்பிச்ச ஜான் ப்ரௌனிங் அதை முழுசாப் பாக்கல. 1926-ல பெல்ஜியத்து லீஜ் ஃபேக்டரியில வேலையா இருக்கையிலேயே மாரடைச்சுப் போயிட்டார். மிச்ச வேலையை முடிச்சவர் சைவ்னு ஒருத்தர். 1935-ல பெல்ஜியம் பட்டாளம் எடுத்துக்கிச்சு. மேகசின்ல 13 தோட்டா, அந்தக் காலத்துக்கு அது பெரிய பவுசு. அப்புறம் ஜெர்மன்காரன் ஃபேக்டரியைப் பிடிச்சு அவனுக்குச் செஞ்சுக்கிட்டான். டொரண்டோவுல சீனாக்காரனுக்குச் செஞ்சாங்க. ஆக, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சம்பந்தி.

அந்த ஆதிகாலத்து ஹை-பவர்ல சிலதுக்குப் பேக்சைட்டுல 500 மீட்டர் வரைக்கும் கோடு போட்டு வச்சிருந்தான். 500 மீட்டர்! அம்புட்டுத் தூரத்துல நிக்கிறது ஆளா, பனையான்னே தெரியாது உனக்கு. நல்லவேளை, உன் கையில இருக்கிறது அது இல்ல. யுத்தத்துக்குப் பிந்தின சாதா சைட்டு. முன்னால நகக்கண் அளவுக்கு ஒரு மேடு, பின்னால அரத்தால ஒருக்கா இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெட்டு. பொடிசுதான், ஒத்துக்கிடுதேன். பெரிய சைட்டுதான் வேணும்னா 1980-கள் கடைசியில வந்த மார்க் 3-ஐப் பாத்து வாங்கியிருக்கணும். நீ பாலிஷைப் பாத்து மயங்கிட்டே.

சரி, மாத்து. யாரு வேண்டாங்கிறா? ஆனா கணக்கைக் கேளு. பேக்சைட்டு பள்ளத்துல செருகினது. பித்தளைக் கம்பியை வச்சுத் தட்டினா வெளிய வந்துரும். அதை உசரமாப் போட்டேன்னு வையி, குண்டு மேல போகும். ஃபோர்சைட்டையும் அதுக்குத் தக்க உசத்தணும். ரெண்டு சைட்டுக்கும் நடுவுல சுமார் 16 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதனால ஃபோர்சைட்டுல கால் மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தா, 25 மீட்டர்ல குண்டு கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் தள்ளி விழும். அந்த ஃபோர்சைட்டோ ஸ்லைடோட சேர்ந்தே இருக்கு. மாத்தணும்னா ஸ்லைடை மில்லிங் மெஷின்ல ஏத்தணும். வெட்டினா வெட்டினதுதான் மாப்ளே, திரும்ப வளராது. பழைய சாமான் சேக்கிறவன் வெட்டுப்பட்ட ஸ்லைடைப் பாத்தான்னா, விலையைச் சொல்லாம டீயை மட்டும் குடிச்சிட்டுப் போயிருவான்.

ராத்திரியில மினுங்குற டிரிட்டியம் சைட்டு போடப்போறேன்னு வேற சொன்னியாம். அது 12 வருசத்துல பாதி மங்கிரும். அதோட, ராத்திரியில நீ யாரைச் சுடப் போறே? ஒம்போது மணிக்கெல்லாம் குறட்டை விடுற ஆளு.

செலவில்லாத வைத்தியம் ஒண்ணு சொல்லுதேன். தங்கச்சி மேசையில நகப்பூச்சு இருக்கும். ஃபோர்சைட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு, முதல்ல வெள்ளையை ஒரு பூச்சு பூசு. காஞ்சதும் அதுமேல நல்ல ஆரஞ்சு. அடியில வெள்ளை இருந்தாத்தான் ஆரஞ்சு எடுப்பாத் தெரியும். பிடிக்கலைன்னா அசிட்டோன்ல துடைச்சு எறி. ஆனா கேக்காம எடுக்காதே; துப்பாக்கி வச்சிருந்தும் வீட்டுல அடி வாங்குனவன்னு பேராயிரும்.

இன்னொண்ணு. நீ நாப்பத்தஞ்சைத் தாண்டிட்டே. ஃபோர்சைட்டு மங்கலாத் தெரியுதுன்னா அது ப்ரௌனிங் செஞ்ச குத்தமில்ல, வெள்ளெழுத்து. கண் டாக்டர்கிட்டப் போய், நீட்டின கை தூரத்துல தெளிவாத் தெரியிற மாதிரி கண்ணாடி கேளு. இலக்கு மங்கலாத் தெரிஞ்சா போகட்டும், ஃபோர்சைட்டு கூர்மையாத் தெரியணும். இதைச் சொன்னா நம்ப மாட்டே. 200 டாலர் சைட்டுன்னா நம்புவே.

சுடும்போது கையைப் பின்னால ரொம்ப ஏத்திப் பிடிக்காதே. ஹேமர் வந்து பெருவிரல் கவட்டுச் சதையை நறுக்குனு கடிக்கும். ஹை-பவர் வச்சிருக்கிற பாதிப் பேர் கையில அந்தத் தழும்பு இருக்கும். மேகசினைக் கழட்டினா ட்ரிகர் வேலை செய்யாது, அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ட்ரிகர் கொஞ்சம் கரகரங்கிறதுக்கும் அதுதான் காரணம். அதுல கை வைக்காதே, அதை நம்பிக்கிட்டும் இருக்காதே. துடைக்கப் போனாலும், நகப்பூச்சு பூசப் போனாலும், முதல்ல மேகசினைக் கழட்டு, ஸ்லைடை இழு, சேம்பருக்குள்ள தோட்டா இருக்கான்னு கண்ணால பாரு, விரலை விட்டும் பாரு.

மில்லிங்காரன்கிட்டப் பேசினதை நிறுத்தி வை. அந்தக் காசுக்கு 50 தோட்டாப் பெட்டியா வாங்கிக்கிட்டு ரேஞ்சுக்குப் போ. சுட்ட அட்டையைப் படம் புடிச்சு எனக்கு அனுப்பு. குண்டெல்லாம் இடது பக்கம் கீழ குவிஞ்சு கெடந்தா சைட்டு மேல பழியைப் போடாதே. வலக்கைக்காரன் ட்ரிகரை வெடுக்குனு இழுத்தா அங்கதான் விழும்.