நான் தேர்ந்தெடுத்தேன், அவள் எழுதினாள்

என் மகள் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தாள். அவள் என்னென்ன நுழைவுத் தேர்வு எழுதவேண்டும் என்ற முடிவை நான் எடுத்தேன். எங்கள் வீட்டு வேலைப் பங்கீடு அப்படி. நான் படித்தது பி.காம். என்பதை அவ்வப்போது யாராவது ஞாபகப்படுத்துவார்கள். பற்று வரவு தெரிந்தவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் கட்சி.

புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் கனகசெட்டிக்குளம் இருக்கும் இடமே ஒரு வேடிக்கை. ஈசிஆரில் வடக்கே கொஞ்சம் போனால் கீழ்புத்துப்பட்டு, தமிழ்நாடு. தெற்கே புதுச்சேரி டவுனுக்குப் போவதென்றாலும் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். கீழ்புத்துப்பட்டில் என் மச்சான் இருக்கிறார். அங்கே பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக இருநூறு. 1984-ல் தொடங்கிய நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. மச்சான் தன் பையனின் கட்-ஆஃபை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்.

"நம்ம புதுச்சேரி அட்மிஷனுக்கு சென்டாக்லயும் பிளஸ் டூ மார்க்கைத்தானே பாக்குறாங்க?" என்றாள் என் மனைவி. அதற்காக, மார்க்கை மட்டும் நம்பிச் சும்மா உட்கார்ந்திருக்க நான் என்ன பொறுப்பில்லாத தகப்பனா?

ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தைத் திறந்தேன். பி.டெக்.குக்கு ஒரு தாள், பி.ஆர்க்.குக்கு ஒரு தாள், பி.பிளானிங்குக்கு ஒரு தாள். எதையும் விட மனமில்லாமல் மூன்றையும் டிக் செய்தேன்.

"ஆர்க்கிடெக்சர் எதுக்குப்பா? அதுல படம் வரையணும்."

"மார்கழியில நீ போட்ட கோலத்தைப் பாத்தேனே."

"அது அம்மா போட்டது."

அடுத்து மொழி. 13 மொழிகளில் வினாத்தாள் கிடைக்கிறது, அதில் தமிழும் உண்டு. எனக்குத் தமிழ்ப்பற்று பொங்கிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த பெண், "எழுதப்போறது நானா நீங்களா?" என்று கேட்டபடி மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஆனால் மதிப்பெண் விதிகளைப் படித்தபோதுதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. ஜேஇஇயில் சரியான விடைக்கு நாலு வரவு, தவறுக்கு ஒன்று பற்று. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், நான்கு தடவையில் ஒரு தடவை நாலு வரும், மூன்று தடவை ஒவ்வொன்றாய்ப் போகும். சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க் லாபம்! பிட்ஸ் கல்லூரிகளுக்கான பிட்சாட்டில் மூன்று வரவு, ஒன்று பற்று. குத்தினால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அப்படிப்பட்ட வியாபாரம் நமக்கெதற்கு? 2022-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென்று வந்த க்யூட் தேர்வில் ஐந்து வரவு, ஒன்று பற்று. கேள்விக்கு அரை மார்க்! ஒரு பாடத்துக்கு 50 கேள்வி. ஒன்றும் தெரியாமலே 25 மார்க் வாங்கலாம். உலகத்திலேயே தேர்வுகளைக் குத்துமதிப்பு லாபத்தின்படி வரிசைப்படுத்திய முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

"நிகழ்தகவு எனக்கும் சிலபஸ்ல இருக்குப்பா," என்றாள் மகள். "ஆனா அம்பது கேள்விக்கும் குத்துறதுக்கு எதுக்குப்பா ரெண்டு வருஷம் படிச்சேன்?"

க்யூட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. ஐந்து பாடம் வரை எடுக்கலாம். 2025-லிருந்து, பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் எடுக்கலாம். கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் என்று நான்கை முடித்தேன். ஐந்தாவது இடம் காலியாக இருந்து என்னைப் பார்த்தது. அக்கவுண்டன்சி போட்டேன். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வேறென்ன போடுவார்கள்? ஐந்தொகை ஏன் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். மகள் தூங்கிவிட்டாள். மனைவி விழித்திருந்து, நம் வீட்டுக் கணக்கு ஏன் எந்த மாதமும் சமமாக வருவதில்லை என்று கேட்டாள். வகுப்பு அத்தோடு கலைந்தது. திருத்தம் செய்யும் நாட்களில் அந்தப் பாடம் விண்ணப்பத்திலிருந்து மாயமானதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த சொல்தா ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பேரன் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படிக்கிறான். அங்கே பள்ளியிலேயே பாடத்தைப் பொறுக்கச் சொல்கிறார்களாம்: கடைசிக்கு முந்தின வருஷம் மூன்று சிறப்புப் பாடம், கடைசி வருஷம் அதில் இரண்டு. அவர் சொன்ன இன்னொரு சேதிதான் என்னைச் சிலிர்க்க வைத்தது. முன்பு பல ஆண்டுகள் இங்கே பக்கலோரேயா என்ற பள்ளி இறுதித் தேர்வு ஏப்ரலிலேயே முடிந்துவிடுமாம், பிரான்சில் ஜூனில்தான். அதனால் அந்த நாட்டுப் பிள்ளைகள் 'போந்திஷேரி வினாத்தாள்' என்று தேடிப் பிடித்துப் படித்தார்களாம். பாரிசே நம்மூர் வினாத்தாளைப் பார்த்து நடுங்கியிருக்க, நாம் கோட்டா பயிற்சி மையங்களிலிருந்து தபாலில் வரும் வினாத்தாள் கட்டுகளைப் பார்த்து நடுங்குகிறோம். அமெரிக்காவில் எஸ்ஏடி பாடத் தேர்வுகள் இருந்தன, கணக்கிலேயே லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று. 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். என் கையில் சிக்காமலே தப்பித்த தேர்வு அதுதான்.

ஜேஇஇ முடிவு வந்தது. மார்க்கைச் சொல்லாமல் பர்சன்டைல் சொன்னார்கள், புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம். "தங்கமே மூணு இலக்கத்தோட நிறுத்திக்குது," என்றாள் மனைவி. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் ஏழு இலக்கத்தையும் ஒப்பித்தேன். ஐந்தாவது இலக்கத்துக்குள் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரியாக இருந்து 2020-ல் பல்கலைக்கழகமான புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிச் சில்லறை எண்ணுவதற்குள் வந்துவிடும். அங்கே வெளிமாநிலத்துப் பிள்ளைகள் ஜேஇஇ ரேங்க்கில் வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு சென்டாக், பிளஸ் டூ மார்க். இவள் சென்டாக்கில் போனாள். அதற்கு வேண்டிய குடியிருப்புச் சான்றிதழை, நான் ஏழு இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோதே மனைவி வாங்கி பீரோவில் வைத்திருந்தாள்.

"எந்த பிராஞ்ச் முதல்ல போடலாம்னு ஒரு அட்டவணை தயார் பண்றேன்," என்றேன்.

"போட்டு சப்மிட் பண்ணியாச்சுப்பா."

கல்லூரிக்குப் போக பஸ் பாஸா, ஸ்கூட்டியா என்று முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் எனக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை விடுவதாக இல்லை.