பதறாத காரியம்

வழக்குகள் நத்தையாய் நகர்கின்றன என்று புலம்புவோர் நாமக்கல் பக்கம் வந்து பாடம் கற்க வேண்டும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் இருந்து கடத்தப்பட்டார் தலித் இளைஞர் கோகுல்ராஜ். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதல் குற்றவாளி யுவராஜ் 100 நாளுக்கு மேல் தலைமறைவு. தலைமறைவு என்றால் சும்மா இல்லை: வாட்ஸ்அப்பில் ஆடியோ, தொலைக்காட்சிக்குப் பேட்டி. ஊரில் எல்லார் கைப்பேசிக்கும் வந்த குரல் காவல்துறைக்கு மட்டும் எட்டவில்லை. பாவம், அங்கே டவர் கிடைக்காது போலும். கடைசியில் அவரே பெரிய மனசு பண்ணி, அக்டோபர் 11 அன்று ஆதரவாளர் படையோடு நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்துக்கு எழுந்தருளினார். தேடப்படுபவரே தேடி வந்தால் அரசுக்கு டீசல் எவ்வளவு மிச்சம்!

அப்புறம் வழக்கும் நாலு ஊர் பார்க்க வேண்டாமா? 2019-இல் மதுரைக்குக் கிளம்பியது. இடைப்பட்ட காலத்தில் சாட்சிகள் நன்றாக ஓய்வெடுத்தார்கள்; பலருக்குப் பார்த்ததே மறந்துபோகும் அளவுக்கு.

நிதானம் தெரியாத ஒரே ஆள் கோயில் சிசிடிவி கேமரா. பார்த்ததை அன்றைக்கே பதிந்து தொலைத்துவிட்டது. அந்தக் காட்சிகளையும் வைத்து 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2022 மார்ச்சில்.