குறட்டை வந்த சீனை வெட்டு, பேராண்டி

வா பேராண்டி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. கட்டில்ல உக்காராதே, மாவுக்கட்டு போட்ட காலு, அசைஞ்சா உயிர் போகும். என்ன, மெட்ராஸ் கிளம்பிட்டியா? வீடியோ கேமைப் படமா எடுக்கக் கதை எழுதப்போறேன்னு உங்க அப்பன்கிட்டச் சொன்னியாமே. அவன் விதைநெல்லை அவிச்சுத் தின்னவன் மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திண்ணையில உக்காந்திருக்கான்.

எனக்கு சந்தோசந்தான். நம்ம குடும்பத்துல காசைக் கரைக்கிறவன் தலைமுறைக்கு ஒருத்தன் தப்பாம வருவான். எங்க அப்பன் சேவக்கட்டுல விட்டாரு. நான் தண்ணி வராத கிணத்துல விட்டேன். உங்க அப்பன் ஈமு கோழியில விட்டான். உன் முறை வந்திருக்கு, விட்டுட்டு வா.

ரெண்டு மாசமா நான் கட்டில்ல கெடக்கேன். நீயும் "பொழுது போகட்டும் தாத்தா"ன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, விளையாட்டுல இருந்து எடுத்த படமா வரிசையாப் போட்டே. காலு ஒடிஞ்சவன் எந்திரிச்சு ஓடமாட்டான்னு தெரிஞ்சுதானேடா போட்டே? பார்த்த பாவத்துக்கு நாலு வார்த்தை தேறியிருக்கு. வேட்டி மடிப்புல முடிஞ்சுக்க.

முதல்ல அந்தப் பொட்டி. கண்ட்ரோலர்னு பேரு சொன்னே. எனக்கு அது கொம்பு வச்ச பொட்டி. 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆட்டத்தைப் போட்டு என் கையில குடுத்தே. மண்டையெல்லாம் பூஞ்சை பூத்த ஒருத்தன் இருட்டுக்குள்ள அலையுறான். கண்ணு கிடையாது, காதாலதான் வேட்டை. தொண்டைக்குள்ள 'டக் டக்'னு சத்தம் போட்டுக்கிட்டே வர்றான். ஜோயல்னு ஒரு தாடிக்காரன், அது நானாம். நான் அவனைத் தாண்டிப் போகணும். கை வேர்த்துப் பொட்டி வழுக்குது. பதினோரு தடவை செத்தேன். பன்னெண்டாவது தடவை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவன் முதுகுக்குப் பின்னால நழுவுறேன், உங்க அப்பத்தா அடுப்படியில கரண்டியைக் கீழே போட்டா. "அடியேய், சத்தம் போடாதே, அவனுக்குக் கேட்டுரும்!"னு கத்தினேனா இல்லையா? "பொட்டிக்குள்ள இருக்கிறவனுக்குக் கேக்குது, கட்டிக்கிட்டவனுக்கு அம்பது வருசமாக் கேக்கலை"ன்னு அவ சொன்னது தனிக்கதை.

அப்புறம் "குடு தாத்தா, நான் ஆடுறேன்"னு நீ வாங்கினே. அதே இருட்டு, அதே பூஞ்சைப் பய, அதே 'டக் டக்'. நான் என்ன பண்ணேன்? குறட்டை விட்டேன். எழுப்பி மறுபடி என் கையில குடுத்தே. இந்தத் தடவை நீ தூங்கினே.

இதை நல்லா யோசிச்சுப் பாரு அப்பு. ஆடுறவனுக்கு நெஞ்சு அடைக்குது, பக்கத்துல உக்காந்து பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வருது. நீ எடுக்கப்போற படம் அந்தப் பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்குடா. கையில இருக்கிற பொட்டியைப் பிடுங்கிட்டு டிக்கெட்டுக்குக் காசு கேக்கப்போறே. பிடுங்கினதுக்கு ஈடா அவனுக்கு என்ன தரப்போறே? கேள்வி இது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் கிராஃபிக்ஸ்.

கோயில் மண்டபத்துக் கல்லுல ஆடுபுலி ஆட்டம் ஆடுறோமே, மூணு புலி, பதினஞ்சு ஆடு. அதைப் படமா எடுன்னா, மூணு புலியை உறும விட்டு, பதினஞ்சு ஆட்டைப் பச்சைத் திரையில மேய விடுவே. ஆனா ஆட்டம் அங்கேயா இருக்கு? காயை நகத்திட்டு எதிராளி மூஞ்சியை ஓரக்கண்ணால பார்க்கிறோமே, அவன் கனைச்சுக்கிட்டே துண்டை உதறுறானே, அங்க இருக்கு.

சரி, ஜெயிக்கிற வழியை எவனும் சொல்லுவான். நான் தோக்கிற வழியைச் சொல்றேன். அதுலதான் நம்ம குடும்பத்துக்கு அனுபவம்.

மொத வழி, எடுக்கிற பொருளை நினைச்சு வெக்கப்படு. 1993-ல மாரியோவைப் படமா எடுத்தாங்களே, அந்த மாதிரி. ஆட்டம் என்ன? தொப்பி போட்ட குழாய் ரிப்பேர்காரன் காளானைத் தின்னு பெருசாகி ஆமையை மிதிக்கிறான். பச்சப்பிள்ளைக்குப் புரியுது. படம் எடுத்த பெரிய மனுசங்களுக்கு அது சின்னத்தனமாப் பட்டிருக்கு. டைனோசர் பரம்பரை ஆளுற இருட்டு நகரம், ஆறடி உடம்புல எலுமிச்சம்பழம் மாதிரி தலைன்னு என்னத்தையோ பண்ணி வச்சாங்க. 4 கோடி டாலருக்கு மேல போட்டு, அமெரிக்காவுல 2 கோடி சொச்சந்தான் திரும்பி வந்துச்சு. மாரியோவா நடிச்ச பாப் ஹாஸ்கின்ஸுக்கு, என்ன படம் பண்றேன்னு மகன் கேட்டப்பதான் அது ஒரு விளையாட்டுன்னே தெரிஞ்சதாம். வாழ்க்கையில பண்ணினதுலயே மோசமான காரியம் அந்தப் படந்தான்னு பின்னால அவரே புலம்பியிருக்காரு. பொண்ணைப் பிடிக்கலேன்னா கட்டாம விடலாம்டா. கட்டிக்கிட்டு வந்து, ஊருக்குள்ள "இவ தூரத்துச் சொந்தம்"னு சொல்லிட்டுத் திரியக் கூடாது.

அடுத்த வருசமே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வந்துச்சு. அதுவும் சுமார்தான். ஆனா வில்லனா வந்த ரவுல் ஜூலியா இருக்காரே, அவரைப் பார்த்து ஒண்ணு கத்துக்க. உடம்புக்கு முடியாத நேரத்துல, பிள்ளைங்களுக்குப் பிடிச்ச ஆட்டம்னு அந்த வேசத்தைக் கட்டினாராம். அக்டோபர்ல கண்ணை மூடிட்டாரு, டிசம்பர்லதான் படம் வந்துச்சு. சுத்தி நின்னவனெல்லாம் சம்பளத்துக்கு நின்னான். அந்த மனுசன் மட்டும் கூத்துல துரியோதனன் கட்டினவன் மாதிரி விடிய விடிய ஆடுற தெம்போட ஆடினாரு. மெலிஞ்ச முகம், ஆனா கண்ணுல ராசகளை. வெக்கப்படாதவன் ஒருத்தன் இருந்தாக்கூடப் போதும், அவனுக்காகப் பார்க்கலாம். அதுக்கப்புறம் 1995-ல அந்தப் படத்தை வச்சே மறுபடி ஒரு ஆட்டம் போட்டு வித்தாங்க பாரு. சோத்தைக் கஞ்சியாக்கி, கஞ்சியைத் திரும்பச் சோறாக்கப் பார்த்த கெட்டிக்காரங்க.

ரெண்டாவது வழி, தலையை வாரி விட்டுட்டுக் கதையை விட்டுரு. 2001-ல 'ஃபைனல் ஃபேன்டசி' படத்துல கம்ப்யூட்டர்ல செஞ்ச கதாநாயகிக்கு 60,000 முடி, ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுமாம். 13 கோடி டாலருக்கு மேல செலவு, வந்தது 8 கோடி சொச்சம். படம் எடுத்த கம்பெனியையே இழுத்து மூடினாங்க. 60,000 முடி இருந்தும் மொட்டை அடிச்சுக்கிட்டது இவங்க மட்டுந்தான்.

மூணாவது, கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளையைக் காட்டாம மொய் நோட்டை வாசி. 2016-ல 'வார்கிராஃப்ட்' அப்படித்தான். இந்த ராசா, அந்த மந்திரவாதி, இன்ன குலம், இன்ன கோட்டைன்னு பேரு பேரா வருது. நான் மூணாவது பேருக்கே கண்ணை மூடிட்டேன். அமெரிக்காவுல 5 கோடி டாலர்கூடத் தேறலை. சீனாவுல மட்டும் 20 கோடியைத் தாண்டுச்சு. ஏன்? அங்க கூட்டங்கூட்டமா அந்த ஆட்டத்தை ஆடினவங்க. மொய் எழுதுன ஊருல பேரை வாசிச்சாக் கை தட்டுவான், பக்கத்து ஊருக்காரன் பந்தி எப்பன்னுதான் கேப்பான்.

நாலாவது, ஆட்டத்தையே தூக்கித் திரையில ஒட்டு. ஊவ போல்னு ஒரு ஜெர்மன்காரர். 2003-ல 'ஹவுஸ் ஆஃப் த டெட்' படத்துக்கு நடுநடுவுல ஆட்டத்துக் காட்சியையே வெட்டிச் செருகிட்டாரு. அந்த நாட்டு வரிச் சட்டத்துல அப்ப ஒரு சந்து இருந்துச்சு, படத்துல போட்ட பணத்தை வரியில கழிச்சுக்கலாம். அதனால படம் விழுந்தாலும் எந்திரிச்சு அடுத்ததை எடுத்தாரு. 2006-ல தன் படத்தைத் திட்டி எழுதினவங்களைக் குத்துச்சண்டைக்கே கூப்பிட்டு மூக்குல குத்தினாரு. நீ அந்த வழிக்குப் போகாதே, உன் உடம்புக்கு ஆகாது. விமர்சகன் தும்முனாலே நீ விழுந்துருவே.

'டூம்'னு 2005-ல வந்த படத்துல ஒரு அஞ்சு நிமிசம், துப்பாக்கி மட்டும் முன்னால நீட்டிக்கிட்டு, நம்ம கண்ணே கேமரா மாதிரி போகுது. "இதான் தாத்தா படத்துலயே நல்ல இடம்"னு துள்ளினே. "பட்டன் எங்கேடா?"ன்னு நான் கேட்டேன். பதிலே வரலை. ஞாபகம் இருக்கா?

அஞ்சாவது, முகமூடியைக் கழட்டு. 'ஹேலோ' ஆட்டத்து வீரன் தலைக்கவசத்தைக் கழட்டி முகத்தைக் காட்டவே மாட்டானாம். 2022-ல தொடரா எடுத்தவங்க முதல் பாகத்துலயே கழட்ட வச்சாங்க. ஆடினவனெல்லாம் கொதிச்சுட்டான். அவங்க மேல முழுத் தப்பும் சொல்லமாட்டேன். நடிக்கிறவனுக்கு முகம் வேணாமா? ஆனா ஆடினவன் இருபது வருசமா அந்தக் கவசத்துக்குள்ள யாரைப் பார்த்தான்? தன்னையேல்லடா பார்த்தான். நீ அதைக் கழட்டி வேற ஒருத்தன் மூஞ்சியைக் காட்டினா, வாடகை குடுத்துக் குடியிருக்கிற வீட்டுக்குள்ள இன்னொருத்தன் பாயை விரிச்சுப் படுத்த மாதிரி இருக்காதா? கழட்டினா, அந்த முகத்துல அவன் இதுவரைக்கும் பார்க்காத ஏதோ ஒண்ணு இருக்கணும்.

ஊரு சொன்னாக் காது குடுக்கவும் கத்துக்க. 2019 ஏப்ரல்ல 'சோனிக்' டிரெய்லர் வந்துச்சு. நீல முள்ளெலி, வாயைத் திறந்தா மனுசப் பல்லு. நான் சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்குறவன், எனக்கே குலை நடுங்குச்சு. உலகமே காறித் துப்பினதும் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர், மாத்திடறோம்னு பணிஞ்சு சொன்னாரு. நவம்பர்ல வரவேண்டிய படத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளி, உருவத்தையே திருத்தி விட்டாங்க. 30 கோடி டாலருக்கு மேல ஓடுச்சு. பல்லு நல்லா இருந்தா மாடு விலை போகும்.

இப்பச் சொல்றதை மட்டும் சிரிக்காமக் கேளு.

அந்த பூஞ்சைப் பய ஆட்டத்தையே 2023-ல தொடரா எடுத்திருந்தாங்கல்ல, அதுல மூணாவது பாகம் போட்டே. ஆட்டத்துல பில்னு ஒரு சிடுமூஞ்சி வருவான். ஊரைச் சுத்திப் பொறி வச்சுக்கிட்டுத் தனியாக் கெடப்பான். அவன்கூட இருந்த ஃபிராங்க் ஒரு வீட்டுக்குள்ள தூக்குல தொங்கிக் கெடப்பான். பில்லைத் திட்டி ஒரு கடுதாசி. அவ்வளவுதான், நம்ம அதைத் தாண்டிப் போயிக்கிட்டே இருப்போம். தொடர்ல என்ன பண்ணாங்க? நம்ம தாண்டிப் போன அந்தக் கதவைத் திறந்து உள்ள உக்காந்துட்டாங்க. ஜோயலு முன்னால கொஞ்சம், கடைசியில கொஞ்சம். நடுவுல முழுக்க பில்லும் ஃபிராங்கும் பதினஞ்சு வருசத்துக்கு மேல நடத்துற குடும்பம்.

ரெண்டு பேரும் ஆம்பளைன்னதும் உங்க அப்பத்தா வெத்தலை மெல்றதை நிறுத்திட்டா. எந்திரிச்சுப் போயிருவான்னு பார்த்தேன், போகலை. ஃபிராங்க் பில்லுக்குத் தெரியாம ஒரு துப்பாக்கியைக் குடுத்து ஸ்ட்ராபெர்ரி விதை வாங்கியிருப்பான். பழுத்ததும் கூட்டிட்டுப் போய்த் தின்னக் குடுப்பான். அந்தக் கல்லு மூஞ்சிக்காரன் கடிச்சதும் சின்னப்பிள்ளை மாதிரி கெக்கெக்கேன்னு சிரிப்பான். "துப்பாக்கியைக் குடுத்து விதை வாங்கினவன் நல்லவனாத்தான்யா இருப்பான்"னா உங்க அப்பத்தா. கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணாக் கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கப் போனப்ப, முந்தானையால மூக்கைச் சிந்திட்டு, வெங்காயம் உரிச்சேன்னு சொன்னா. அன்னைக்குச் சமையல் ரசம்.

நான் குறட்டை விடலை. கையில பொட்டி இருந்துச்சான்னுகூட எனக்கு நெனப்பு இல்லை.

புரியுதா? கை செஞ்சதைத் திரும்பச் செஞ்சு காட்டாதே. பன்னெண்டு தடவை செத்துத் தாண்டினவனுக்கு, நீ ஒரே தடவையில தாண்டிக் காட்டினா வித்தையா? கை போக முடியாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஆடுறப்ப அவன் அவசரத்துல தாண்டிப் போன ஒரு வீடு இருக்கும். அதுக்குள்ள விளக்கு ஏத்து. 2024-ல 'ஃபால்அவுட்' எடுத்தவங்களும் ஆட்டத்துக் கதையைத் தொடாம, அதே ஊருல புதுசா ஆளுங்களைக் குடியேத்தினாங்க, பிழைச்சுக்கிட்டாங்க.

என்ன முழிக்கிறே? 2023 மாரியோ பொம்மைப் படத்துல அப்படி ஒரு வீடும் இல்லை, ஆனா 130 கோடி டாலருக்கு மேல அள்ளுச்சேன்னா? அது திருவிழாடா. அந்த ஆட்டத்தைப் பெத்த மியாமோட்டோவே தயாரிப்புல உக்காந்தாரு. முப்பது வருசத்துக்கு முந்தி பட்ட வெக்கத்தைத் துடைச்சுப் போட்டுட்டு, காளானைக் காளானாவே காட்டினாங்க. பிள்ளைங்க தனக்குத் தெரிஞ்ச ஊருக்குத் தேர் பார்க்க வந்துச்சுங்க. 2025-ல 'மைன்கிராஃப்ட்' படத்துல கோழி மேல குட்டி ஜாம்பி ஏறி வந்ததும், பயலுக பாப்கார்னை அள்ளி வீசினானுங்களாம். தியேட்டர்காரன் எச்சரிக்கை போர்டு வச்சானாம். டூரிங் டாக்கீஸ்ல கிழிச்ச பேப்பரை வீசின கை இது, எனக்கென்ன ஆச்சரியம்? பொட்டியைப் பிடுங்கினா அந்தக் கை சும்மா இருக்காது, எதையாவது வீசும். ஆனா தேர் வருசத்துக்கு ஒரு நாள்தான். மத்த நாளைக்கு வீட்டுல விளக்கு எரியணும்.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கதையை எழுதி முடிச்சதும் முதல்ல இங்க கொண்டு வந்து படிச்சுக் காட்டு. நான் குறட்டை விட்ட இடத்துல பென்சில்ல கோடு போட்டு வெட்டிரு. உங்க அப்பத்தா வெத்தலை மெல்றதை நிறுத்துன இடத்துல ஒரு வார்த்தையும் தொடாதே. சம்பளம் வேண்டாம், டைட்டில்ல பேரு போட்டாப் போதும், அதுவும் அவ பேருக்கு மேல.

ஏய், அந்தக் கொம்புப் பொட்டியைப் பையில வைக்காதே, இங்க வை. பூஞ்சைப் பயலுக்கும் எனக்கும் கணக்கு பாக்கி இருக்கு. போறப்ப அடுப்படியில எட்டிப் பார்த்து, கரண்டியை மெதுவா வைக்கச் சொல்லிட்டுப் போ.