கேரியரில் மூட்டை இல்லாமல்

நான் சிறுவனாக இருந்தபோது கன்னிவாடியில் சைக்கிள் மிதித்த ஒருவருக்கும் தொப்பை கிடையாது. ஆடலூர், பன்றிமலைப் பக்கமிருந்து தருமத்துப்பட்டிக்கு இறங்கும் பலாப்பழத்தையும் வாழைத்தாரையும் கேரியரில் கட்டி மிதிப்பார்கள். பால்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கேன் தொங்கும். ரெட்டியார்சத்திரம் போய் பஸ் பிடிக்க வேண்டுமென்றால் முன் பாரில் பிள்ளை, பின்னால் மனைவி. மேட்டில் இறங்கித் தள்ளுவார்கள். கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும். விலா எலும்பையும் எண்ணிவிடலாம்.

அந்த விலா எலும்பை மறந்துவிட்டுத்தான் இன்று பலர் ‘அந்தக் காலத்து உடம்பு’ என்று பெருமை பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையில் கம்மங்கூழ், பொழுது சாய்ந்தால் சோளச்சோறு அல்லது சாமைச்சோறு, நெல்லுச்சோறு தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும் மட்டும். வட்டிலில் விழுந்ததைவிட உடம்பு செலவழித்தது அதிகம். அந்த மெலிவில் பாதி பசி. அதனால் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று அவர்கள் ஏங்கியதை நான் மதிக்கிறேன். ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. சில வருடம் கழித்து அப்பா ஒன்று வாங்கி வந்தபோது அம்மா வாசலிலேயே சூடம் காட்டினார். அப்பாவின் முழங்காலுக்கு அன்றுதான் விடுதலை.

சோறும் வந்தது. ரேஷனில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தது. எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதை நன்றியோடுதான் சொல்கிறேன். கம்பும் சாமையும் அடுப்படியை விட்டுப் போனதில் பெண்களுக்கு வருத்தமே இல்லை. உரலில் குத்தி, புடைத்து, உமி போக்கி, மறுபடி குத்தி என்று தோள் ஒடிந்தது அவர்களுக்குத்தானே.

உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. மண்வெட்டி பிடித்தவருக்கு வைத்த அதே அளவை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனுக்கும் அம்மா அன்பாக வைத்தார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் அதிக எடை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்தது.

என் உடம்பும் அப்படித்தான் பெருத்தது. நான் பார்க்கப் போன டாக்டர் எடை பார்த்ததோடு நிற்கவில்லை, நாடா எடுத்து இடுப்பையும் அளந்தார். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து என்றார். “சைக்கிள் மிதிங்க, சிறுதானியம் சேத்துக்குங்க” என்றார். இல்லாமையால் அப்பா செய்த இரண்டையும் எனக்கு மருந்தாக எழுதிக் கொடுத்திருந்தார்.

மிதிக்கத் தொடங்கினேன். விடியலில் தருமத்துப்பட்டி ரோட்டில், மலையை நேரே பார்த்துக்கொண்டு. “என்னண்ணே, வண்டி ரிப்பேரா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். எங்கள் ஊரில் சைக்கிள் இன்னமும் இல்லாதவன் வண்டிதான். எழுபது கிலோ எடையுள்ளவர் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் சுமார் 450 கலோரி செலவாகும். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி கழிய வேண்டும். ஆகவே, எடை குறைந்ததில் பெரிய பங்கு தட்டுக்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன். இடுப்புச் சதை இறுகியதற்கும் ராத்தூக்கம் திரும்பியதற்கும் சைக்கிளுக்கு நன்றி.

சோறு பாதியானது, அந்த இடத்தில் அவரைக்காய், கீரை, தட்டப்பயறு, முட்டை. டீயில் சீனி போனது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடிந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லியே அம்மா கொள்ளு ரசம் வைத்தார். சிறுதானியத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: கம்போ சாமையோ அரிசியோ, நூறு கிராமுக்குக் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். நார்ச்சத்து கூடுதல், அதனால் பசி தாமதமாக வரும், அவ்வளவே. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கடைகளில் குவிந்த ராகி பிஸ்கட்டில் முதலில் சீனியின் அளவைப் படியுங்கள்.

என்னை உறுத்துவது பெண்களின் அந்த 40.4 சதவீதம். விடியலில் நான் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடுகிறேன். அக்கா அந்த நேரத்தில் அடுப்பில் நிற்கிறாள். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், பல்லாயிரம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. குவாரி வேலைக்குப் போன பெண்கள்கூட மிதித்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய பள்ளிச் சைக்கிள் பிறகு பிளஸ் 1 படிக்கும் மற்றவர்களுக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிள்களில் எத்தனையோ, பிள்ளை காலேஜ் போனதும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கின்றன.

போன கோடையில் அக்கா மகளின் சைக்கிளுக்கு டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். “இந்த வயசுல எனக்கு எதுக்குடா தம்பி” என்றவள், சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டில் மகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, கற்றுக்கொண்டாள். இப்போது கிரவுண்டைத் தாண்டி ரோட்டுக்கு வரக் கேட்கிறாள். மெயின் ரோட்டில் தேங்காய் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகின்றன. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணும் முள்ளும். ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு மீட்டர் தார் போட்டுத் தாருங்கள் என்று கிராமசபைக்கு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அக்காவுடையது.