வானத்துக்கு ஒரு பூட்டு

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். காலையில் பனிமூட்டம், பகலில் புழுக்கம், சாயங்காலம் இடி என்று ஆட்டம் போடும் இந்தக் கோடை வானத்துக்கு ஒரு பூட்டுப் போட முடியாதா?
*(ஒரு வாசகர், வேடசந்தூர்)*

போட்டால் கோடை மழையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமே! அப்புறம் மானாவாரிக் காட்டில் கோடை உழவு எப்படி ஓட்டுவது?

பனிமூட்டம், புழுக்கம், இடி மூன்றும் காற்றில் உள்ள ஒரே ஈரத்தின் வேலைதான். விடியலில் தரையோரம் குளிர்ந்து மூட்டமாகிறது. பகலில் வியர்வையைக் காயவிடாமல் நம்மை வாட்டுகிறது. பிற்பகலில் சூடேறி, சிறுமலை, பழனிமலைச் சரிவுகளில் மேலெழுந்து இடிமேகமாகிறது.

இடியோடு மட்டும் விளையாட வேண்டாம். புளியமரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியில் மின்னல் எச்சரிக்கை தமிழ்நாட்டுக்கும் கிடைக்கிறது. ஆடு மேய்ப்பவர்களின் செல்போனில் முதலில் ஏற்றிக் கொடுங்கள்.