நீலப் பெட்ரோல்

மாமா ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்தது பெட்ரோல்தான். ஆனால் நீல நிறம். 1987, கோவையில் அவருடைய லேத் பட்டறை. எனக்குப் பதினேழு வயது.

"இது ஏரோப்ளேனுக்கு ஊத்தறது கண்ணு. நூறு ஆக்டேன்" என்றார், கோயில் தீர்த்தத்தைப் பற்றிச் சொல்வதுபோல. சிறிய பிஸ்டன் விமானங்களுக்கான அந்தப் பெட்ரோலை வேறு ரகத்தோடு மாறிப்போகாமல் இருக்கச் சாயமேற்றி விற்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த நீலமே அதன் சக்தி என்று நம்பினேன்.

மாமாவிடம் ஒரு ஸ்பெஷல் இருந்தது. 1089 சிசி ஃபியட் இன்ஜினை, குழாய்களை வெல்டிங் செய்து அவரே உருவாக்கிய சட்டத்தில் உட்கார வைத்து, தகரத்தில் உடம்பு தட்டிய இரண்டு இருக்கை வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த சோழவரம் ரேஸுக்காகவே பிறந்தது. ஊரில் அதைத் தகர டப்பா என்றார்கள். எங்களுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார். இன்றும் எனக்கு அப்படித்தான்.

இன்ஜினுக்கு வேகம் வேண்டி மாமா சிலிண்டர் ஹெட்டைச் சீவினார். சீவச் சீவ உள்ளே இடம் குறையும், காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக நசுங்கும். எட்டுக்குக் கீழே இருந்த கம்ப்ரஷன் விகிதம் ஒன்பதரைக்கு ஏறியது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அவ்வளவு நசுக்கினால், பிளக் பற்றவைத்த தீ முழுதும் பரவுமுன் மூலையில் மிஞ்சிய கலவை சூட்டில் தானாக வெடிக்கும். தகரத்தில் கோலிக்குண்டு உருளும் சத்தம். நாக்கிங். விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஆக்டேன் எண் என்பது இந்த நசுக்கலை எவ்வளவு தூரம் பெட்ரோல் பொறுத்துக்கொள்ளும் என்பதன் அளவு, அவ்வளவே. 1920களில் அமெரிக்காவில் வகுத்தது. சுலபத்தில் நாக் அடிக்காத ஐசோஆக்டேனுக்கு 100. உடனே அடிக்கும் ஹெப்டேனுக்கு 0. அந்த ஹெப்டேன் கலிபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரப் பிசினில் தூய்மையாகக் கிடைத்தது. ஒரு பெட்ரோலின் பொறுமை, இவ்விரண்டின் எந்தக் கலவைக்கு ஈடாக இருக்கிறதோ அதுவே அதன் எண். எண் கூடினால் பெட்ரோலுக்குள் கூடுதல் பலம் இருக்கிறது என்று பொருளில்லை. மாமாவுக்கு இது தெரியும். எனக்கு அவர் சொன்ன விதம்: "நெறைய அடி வாங்கியும் கோவப்படாதவன் பாரு, அவன்தான் நூறு ஆக்டேன்."

அப்போது பங்க்கில் சாதாரணப் பெட்ரோல் 87. உயர்ந்த ரகம் 93. எங்களுக்குத் தெரிந்து ஊரில் இரண்டு மூன்று பங்க்கில்தான் 93 கிடைத்தது. அங்கும் "ஸ்டாக் இல்லைங்க" என்பதே பாதி நாள் பதில். லோடு இறங்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு கேன்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவேன். கேனிலிருந்து டேங்குக்கு மாற்ற ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவேன். சில நாள் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். துப்பிவிட்டு மாமாவைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஒருமுறை சோழவரம் போகும் வழியில் நெடுஞ்சாலை பங்க் ஒன்றில் 93 என்று வாங்கினோம். மாமா வடிதாளில் ஒரு சொட்டு விட்டார். நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். இது எண்ணெய் வட்டமாக நின்றது. மண்ணெண்ணெய் கலந்திருந்தார்கள். மண்ணெண்ணெய் ஆக்டேனைக் குப்புறத் தள்ளும். ரேஸன்று மாமா இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளி வைத்து, பாதி வேகத்தில் ஓட்டி வந்தார். லாரியில் திரும்பும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக்கணக்கான உழைப்பு ஒரு கேனில் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீல பாட்டில் வந்தது அதன் பிறகுதான். 93இல் அதைப் பாதிக்குப் பாதி கலந்தார். இன்ஜினை உறுமவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் அழுத்தி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "வா, கேளு" என்று என்னிடம் நீட்டினார். கோலிக்குண்டு இல்லை. உள்ளே ஒரு ஆறு ஓடுவதுபோல இருந்தது.

இப்போது மாமாவின் பேத்தி, எனக்கு மருமகள் முறை, சென்னையில் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறாள். டர்போ இன்ஜின். பெட்ரோல் மூடியின் உட்புறம் 98 என்று அச்சிட்டிருக்கிறது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் நூறு ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். சென்னைக்கும் வந்திருக்கிறது, குறிப்பிட்ட சில பங்க்குகளில் மட்டும். போனில் தேடிப் போய் நிரப்பிக்கொண்டு கோவைக்கு ஐநூறு கிலோமீட்டர் ஒரே டேங்கில் வந்துவிடுகிறாள்.

"வழியில் சாதாரணப் பெட்ரோல் போட நேர்ந்தால் என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது மாமா. இன்ஜினே கேட்டுக்கிட்டுச் சரி பண்ணிக்கும். கொஞ்சம் பவர் குறையும், அவ்வளவுதான்."

கேட்டுக்கொள்கிறது! பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய சிறிய நாக் சென்சர். உள்ளே அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு படிகம். கோலிக்குண்டு உருளும் அலைவரிசை வந்ததும் கணினி டைமிங்கை ஒரு கணத்தில் பின்னுக்கு இழுக்கிறது. மாமா ஸ்க்ரூடிரைவரோடு குனிந்து செய்த அதே வேலை. அவர் இருந்திருந்தால் இதைப் பார்த்துக் குழந்தையைப் போலக் குதித்திருப்பார்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இன்று மூலை பங்க்கில் எந்த ஸ்கூட்டருக்கும் ஊற்றும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு விதிப்படி ஆக்டேன் 95. நான் கேன் கட்டிக்கொண்டு அலைந்த 93ஐ விடக் கூடுதல். லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் எத்தனாலில் குறைவு, மைலேஜ் இறங்கும், பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. அது தனி வழக்கு. ஆனால் நாக்கிங்கைத் தடுக்கிறது. கரும்பிலும் உடைந்த அரிசியிலும் மக்காச்சோளத்திலும் வந்த சாராயம் தடுக்கிறது.

எங்கள் 93இலும் அந்த நீலத்திலும் தடுத்தது ஈயம். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் கண்ட டெட்ராஎத்தில் ஈயம். எத்தனாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்று அவருக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் அன்றே தெரியும். சிட்டிகை ஈயம் போதும், மலிவு, காப்புரிமையும் கிடைக்கும். அதனால் ஈயம் வென்றது. 1924இல் நியூஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அதற்குப் பிறகும் உலகத்துக் குழந்தைகள் மூச்சில் அதை ஏந்தினார்கள். இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். ஈயப் பெட்ரோல் ஊற்றிய உலகின் கடைசி பங்க் அல்ஜீரியாவில் 2021இல் நின்றது. மாமா வெறுங்கையால் அந்தப் பெட்ரோலில் கார்புரேட்டரைக் கழுவிவிட்டு, அதே கையால் எனக்குப் பொட்டலம் பிரித்து வடை கொடுத்திருக்கிறார். அந்த அன்பில் இது எத்தனை துளி கலந்திருந்ததோ என்று இப்போது நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

போன பொங்கலுக்கு அவள் வந்தபோது பட்டறைப் பலகையிலிருந்து மாமாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போனேன். இன்ஜின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக்கை அவளே கழற்றி, முனையை வைக்க இடம் காட்டினாள். பிடியைக் காதில் ஒட்டினேன். இன்ஜெக்டர்களின் டிக் டிக், அதற்கு அடியில் ஆறு.

"எனக்கும் குடுங்க மாமா" என்று கை நீட்டினாள்.